அவள் வேகமாக நடக்கிறாள்

ஆங்கிலம் படித்த கதை நம் வயதுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். ஒருவர் பிரம்படி வாங்கிப் படித்திருப்பார். ஒருவர் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டுப் படித்திருப்பார். நான் நடந்து படித்தேன். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பாதியில் நிறுத்திக்கொள்வேன். மீதியைப் போன மாதம்வரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினோரு வயது. சந்தவாசலில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஜவ்வாது மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகியிருந்தது. தம்பி பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், எழுந்து நின்றால் தலை சுற்றியது. சித்தி வந்து பார்த்துக்கொண்டாள். "நான் கைக்குழந்தயப் பாப்பனா, அக்காவப் பாப்பனா, இவளுக்குத் தலை பின்னி உடுவனா?" என்று சித்தி ஒருநாள் சலித்துக்கொண்டாள். ஆவணியில் அப்பா என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறாம் வகுப்பில் சேர்த்தார்.

ஓடு வேய்ந்த இரண்டு அறைப் பள்ளி. பின்பக்கம் ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை. அதுதான் எங்களுக்கு. இன்னொரு ஆசிரியர் மாதத்தில் பாதி நாள் கீழே இருப்பார். காலையில் நாலு திசையிலிருந்தும் பிள்ளைகள் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, ஒற்றையடிப் பாதைகளில் வந்து சேர்வார்கள். நாலு மணிக்கு அதேபோல வரிசையாகப் போய்விடுவார்கள். கடைசிப் பிள்ளையின் தலை புதருக்குள் மறைந்த பிறகு கேட்பதற்கு ஒன்றுமே இருக்காது. அப்பா நோட்டுத் திருத்துவார். நான் வாசலில் உட்கார்ந்து, மேகம் எதிர்க் குன்றின் மேல் இறங்கி, பள்ளிக்கூடத்து மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும் மூடிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாமை வேகிற வாசனை எங்கிருந்தோ வரும். வீடுகள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

பிள்ளைகள் என்னை "சாரு பொண்ணு" என்றார்கள். பலகையில் எனக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்கார்வார்கள். வெறுப்பில்லை, மரியாதை. மரியாதை அப்படித் தனியாக விட்டுவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரே ஒருத்தி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். கிழக்குப் பாதையில் வரும் வரிசையில் தினமும் முன்னால் வருகிறவள். என்னைவிட ஒரு வயது பெரியவளாக இருக்கலாம், ஆனால் மெலிந்தவள். வெளுத்துப்போன பச்சைப் பாவாடை. விளையாட்டு நேரத்தில் மற்றவர்கள் பலா மரத்தைச் சுற்றி ஓடும்போது அவள் என் பக்கத்தில் வந்து அமர்வாள். வறுத்த புளியங்கொட்டையைப் பாவாடை நுனியில் முடிந்து வைத்திருப்பாள்.

"உங்க வூட்ல தம்பி எப்பிடி கீது?"

"எனக்குத் தெரியாது. கடுதாசி வரல."

"அழுதுனு தான் இருக்கும். கொழந்தைங்களுக்கு வேற இன்னா வேல?" என்று சிரிப்பாள்.

நான் தனியாக இருக்கிறேனே என்று எனக்காகத்தான் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து உட்காருகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் போர்வை மாதிரி இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது அப்பா ஆங்கிலத்தில் வினையடைகளைத் தொடங்கினார். புத்தகத்தில் ஒரு பக்கப் பட்டியல் இருந்தது. அதை மனப்பாடம் செய்யச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. "பட்டியல் படிச்சா பரிட்சைக்குத்தான் ஆவும். ஒரே ஒரு வெர்ப் போதும், வாக். கூட இன்னா சேருதோ அதுக்கேத்த மாதிரி ஆளே மாறிடுவான், பாருங்க" என்றார். முதலில் தானே நடந்து காட்டினார். ஸ்லோலி என்று சொல்லி ஓர் அடி, நின்று ஓர் அடி. ப்ரவுட்லி என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு கரும்பலகைவரை. சைலன்ட்லி என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சோப்பு வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் நீல மையால் ஒரு சொல் எழுதினார். சணல் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். மூன்று பேர் வரிசையாக நின்றால் ஒரு வாக்கியம். ஒருத்தி ஷி, அடுத்தவள் வாக்ஸ், மூன்றாவது ஆள் எப்படி நடக்கிறாள் என்பது.

கிழக்கு வரிசையில் கடைசியாக வரும் பையனுக்கு ஸ்லோலி கிடைத்தது. முன்னால் வருகிறவளின் பெரியப்பா மகன் அவன். அவளுக்கு அண்ணன். எங்கள் எல்லாரையும்விட வளர்ந்தவன், விறகுக்கட்டைத் தூக்கிக்கொண்டு மேடேறுவான். தினமும் கடைசியில் வருவதால் அவனை மந்தமானவன் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அட்டை கழுத்தில் விழுந்ததும் பிள்ளைகள் அவனை இழுத்துக்கொண்டு போய் ஷிக்கும் முன்னால் நிறுத்தினார்கள்.

"அட்வெர்ப் கடைசியிலடா. ஷி வாக்ஸ் ஸ்லோலி. ஸ்லோலி இங்க வா" என்றார் அப்பா.

"மெதுவா போறது முன்னாடி தான் சார் போவணும்" என்றான் இழுத்துப் போனவர்களில் ஒருவன்.

"அது உங்க ஊரு வழக்கம்டா. இது இங்கிலீஷ்."

முன்னால் வருகிறவளுக்கு அப்பா குயிக்லி கொடுத்தார். "தெனமும் மொதல் ஆளா வர்றது யாரு? இந்தப் பொண்ணுதான். ஷி வாக்ஸ் குயிக்லி" என்றார். வகுப்பே அதிர்ந்தது. பிள்ளைகள் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அண்ணன் சினை எருமை மாதிரி அசைந்து ஸ்லோலி நடந்து காட்டியதும் சிரிப்பு இன்னும் கூடியது. பாடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று அப்பாவுக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சி.

எனக்குக் கேர்ஃபுல்லி. அம்மா அனுப்பிய கண்ணாடி டம்ளர் ஒன்று எங்களிடம் இருந்தது. சிவப்புப் பூப்போட்டது. அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக்கொண்டு, சிந்தாமல் கொடிக்கம்பத்திலிருந்து வாசல்வரை நடக்க வேண்டும். நான் நடக்கும்போது அப்பா வேறு எதையும் பார்க்கமாட்டார். அவர் கண் டம்ளரின்மேல் இருக்கும், அதாவது என்மேல். நாள் முழுவதும் நாற்பது பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்த அப்பா அந்த இருபது அடிக்கு என்னுடையவராக இருந்தார்.

கார்த்திகையில் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தபால் வந்தது. அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் சொன்னார். "இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா கீழ மாத்தல் கேக்கலாம். பொங்கலுக்கு உங்கம்மாகிட்ட போய்டலாம்." அதற்குப் பிறகு தினமும் ஒத்திகை. முற்றத்தைச் சுற்றி ஒரு சுற்று. குயிக்லிக்கு மட்டும் மூன்று சுற்று. அப்போதுதான் வேகம் தெரியும் என்றார் அப்பா.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒத்திகை முடிந்து அவள் பலா மரத்துக்குப் பின்னால் போவதைப் பார்த்தேன். நானும் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"அந்த கிளாஸ எனக்குக் குடேன்" என்றாள்.

"எதுக்கு?"

"நான் அத எடுத்துனு மெல்ல போறேன். நீ குயிக்லி பண்ணு. உனக்கு நல்லாதான கீது."

"உனக்கு மட்டும் இன்னாவாம்?"

அவள் என் கையை எடுத்துத் தன் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்தாள். அம்மா தைக்கும்போது மெஷின் பலகையில் கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"அப்பாகிட்ட சொல்லேன்."

"சாருக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான விளையாட்டுக்குக் குடுத்தாரு. நானா போயி முடியலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீ மாத்திக்கினா ஒண்ணும் தெரியாது."

அவள் சொன்னது எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவளுக்கு முடியவில்லை என்பது புரிந்தது. இதை மறைக்க மாட்டேன். என் கையே அறிந்திருந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டால் அந்த இருபது அடி போய்விடும். ஒத்திகை குழம்பினால் அப்பா கோபப்படுவார், ஆய்வு கெடும், பொங்கலுக்கு அம்மா இல்லை. இவ்வளவும் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது.

"மாத்தக் கூடாது. மாத்தினா அப்பா அடிப்பாரு" என்றேன்.

அப்பா யாரையும் அடித்ததில்லை. ஆனால் அவரைப் பற்றி நான் சொன்னால் அவள் நம்பித்தானே ஆகவேண்டும்.

"அப்ப வேணா, வுடு" என்றாள்.

ஆய்வு நாளன்று மழை விட்டு வெயில் அடித்தது. போளூரிலிருந்து ஜீப் வந்தது. அதிகாரி கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார், நல்ல மனிதர், பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். முற்றத்தில் நாற்காலி போட்டோம். சைலன்ட்லி நடந்தது. ப்ரவுட்லி நடந்தது. ஸ்லோலிக்கு அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவள் வந்தாள். பச்சைப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கைகளை வீசி, மூன்று சுற்று. அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை.

"வெரி குட்! ஒன்ஸ் மோர்!" என்று அதிகாரி கைதட்டினார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "ம், போம்மா" என்றார். அவள் இன்னொரு சுற்று நடந்தாள். அடுத்தது நான். நிரம்பிய டம்ளரோடு கொடிக்கம்பத்தருகே நின்றிருந்தேன். அவள் வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "கேர்ஃபுல்லி!" என்று அப்பா குரல் கொடுத்தார். நான் முதல் அடி வைத்தபோது, என் முதுகுக்குப் பின்னால் அவள் கை கம்பத்தில் உராய்ந்துகொண்டு கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் தண்ணீர் சிந்தும். எல்லாருடைய கண்ணும் டம்ளரின்மேல் இருந்தது. இருபது அடியும் நடந்து அதிகாரியின் கையில் கொடுத்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவர் கைதட்டினார். அதற்குப் பிறகுதான் யாரோ கத்தினார்கள்.

அந்த ஜீப்பிலேயே அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா அவளை மடியில் கிடத்திக்கொண்டு போனார். முற்றத்தில் பிள்ளைகள் அட்டைகளோடு அப்படியே நின்றார்கள். அவள் அண்ணன் ஸ்லோலியைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சாருக்கு மெய்யாலுமே தெரியாதா?"

"இன்னாது?"

"முன்னாடி வர்றது யாருன்னு." அவனுக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. "மலையில முடியாதவங்களதான் முன்னாடி வுடுவாங்க. அவங்க எப்பிடி நடக்கறாங்களோ அப்பிடிதான் மத்தவங்க நடக்கணும். பின்னாடி வுட்டா எங்கனா வுழுந்து கெடந்தாகூட தெரியாது. பலமா கீறவன் கடைசியில வருவான். தெனம் பாக்கறாரே! தெரிஞ்சிதான் மாத்தி மாத்திக் குடுத்துச் சிரிப்புக் காட்டறாருன்னு நெனச்சினு இருந்தோம்."

அவர்கள் பலகையைத் தட்டிச் சிரித்தது அதற்காகத்தான். கீழ்நாட்டுக்காரரான அப்பாவுக்கு முதலில் வருகிறவர்தான் வேகமானவர். அன்று மாலை கிழக்குப் பாதையில் வரிசை கிளம்பியபோது யார் முன்னால் போவது என்று கொஞ்ச நேரம் அவர்களுக்கே தெரியவில்லை. அந்த இன்னொரு ஆசிரியரின் பொறுப்பில் என்னை விட்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் நான் யாருடனும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். "இருதயத்துல கோளாறாம். சின்ன வயசுல ஜுரம் வந்தப்பவே பிடிச்சிருக்கும்ன்றாங்க. பொழச்சிக்கினா. ஆனா இனிமே மலை ஏறி எறங்கக் கூடாது" என்றார். பிறகு, "உன்கூடத்தான எப்பவும் உக்காந்திருப்பா. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவள் எனக்காக உட்காரவில்லை, ஓட முடியாமல் உட்கார்ந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கும் சேர்த்து அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

மார்கழியில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அப்பாவும் நானும் போனோம். மூங்கில் தட்டிச் சுவர் வைத்த வீடு, உள்ளே புகை. அவள் பாயில் சாய்ந்திருந்தாள். அப்பா அவள் அம்மாவின் முன்னால் கைகூப்பி நின்றார்.

"இன்னா சார் இது, கைய எறக்குங்க. தெரியாமதான செஞ்சீங்க" என்றாள் அந்த அம்மா.

அப்பா பாயில் இருந்தவள் பக்கம் குனிந்தார். "முடியலன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் பாயின் ஓரத்தைப் பார்த்தேன்.

"சொல்லத் தோணல சார்" என்றாள்.

பொங்கலுக்குக் கீழே வந்துவிட்டோம். மாற்றலும் கிடைத்தது. ஆய்வு அறிக்கையில் எங்கள் வினையடைப் பாடத்தைப் பாராட்டியிருந்தார்களாம். அப்பா அதை யாரிடமும் காட்டவில்லை. அதன்பின் ஓய்வு பெறும்வரை நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்தினார். எந்தப் பிள்ளையையும் எழுந்து நடக்கச் சொன்னதில்லை. மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவருகிறவர்களை நிறுத்தி அவளைப் பற்றி விசாரிப்பார். பத்தொன்பது வயதில், ஒரு மழைக்காலத்தில், அவள் இறந்துபோனதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இனிப் போன மாதம். எனக்கு ஒரே மகள், வெகுகாலம் காத்திருந்து பிறந்தவள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. முதல் முறை, போனைக் குறைத்துக்கொண்டு நேரத்தோடு தூங்கு என்றேன். இரண்டாம் முறை, பரீட்சை வந்தாலே உனக்கு ஏதாவது வரும் என்றேன். மூன்றாம் முறை நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பள்ளி மைதானத்தில் விழுந்துவிட்டாள் என்று தொலைபேசி வந்தது.

ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, இருதயத்தில் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்றார்கள். சரியாகிக்கொண்டும் வருகிறது. ஆனால் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள், வராந்தாவில், எழுபத்தாறு வயது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பலா மரம், கழுத்தெலும்புக்குக் கீழே என் கை, அடிப்பார் என்ற பொய், கம்பத்தின் சத்தம்.

"அவ எங்கிட்ட சொன்னாப்பா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். எதிர்ச் சுவரோரம் ஒரு பெண் சாப்பாட்டுக் கேரியரைத் தட்டுத் தட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்னு நெனைக்கிறியா?" என்றார்.

"கேட்டிருப்பீங்க."

"எனக்குத் தெரியல. ஆய்வுக்கு நாலு நாள்தான் இருந்துது. கீழ உங்கம்மா படுத்துனு இருந்தா. நீ வந்து சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணுக்குச் சோம்பல்னு ஒரு வார்த்த சொல்லிட்டு என் வேலையப் பாத்துனு இருந்திருப்பேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எங்கிட்ட யாரும் சொல்லல, சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். இத்தன வருசமா அந்த ஒரு நெனப்புலதாம்மா தூங்கினு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குழாய்ப் பக்கம் போனார். நான் கூடப் போகவில்லை.

உள்ளே மகள் விழித்திருந்தாள். கையில் ஊசி குத்திய இடம் வீங்கியிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கினேன்.

"இப்ப எப்படிடா இருக்கு? படபடப்பு இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லு. அம்மா கேட்கறேன்."

அவள் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். என் கண்களிலிருந்து வாய்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாதான் இருக்கேன்" என்றாள்.